மூன்று அங்க அமைப்பில் கதை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுகதையோ நாவலோ திரைக்கதையோ, எழுத உட்காருகிறவர்கள் மூன்று அங்க அமைப்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் நடுவில் ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதையே கடைசிவரை வளர்த்துக்கொண்டு போகிறேன்.

மூன்று அங்க அமைப்பு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒருவர் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறார். வெளியே வர அவர் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் சிக்கலை இன்னும் பெரிதாக்குகிறது. கடைசியில் ஏதோ ஒரு விலை கொடுத்து அதை முடிவுக்குக் கொண்டுவருகிறார். இந்த மூன்று கட்டங்கள்தான் மூன்று அங்கங்கள். முதல் அங்கத்துக்கும் இரண்டாம் அங்கத்துக்கும் நடுவே ஒரு திருப்புமுனை, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இன்னொன்று.

ஆனால் இதையே ‘அறிமுகம், சிக்கல், தீர்வு’ என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் எழுதும்போது ஒரு உதவியும் கிடைக்காது, படு மோசமான கதையிலும் இந்த மூன்றும் இருக்கும். நான் நம்புவது இதைத்தான்: நாயகியோ நாயகனோ இனி பழைய இடத்துக்குத் திரும்பவே முடியாதபடி ஒரு காரியத்தைச் செய்துவிடுகிற இடம்தான் அங்கம் மாறுகிற இடம். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து கிளம்புகிறவைதான்.

இது அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இருக்கிற விதி என்கிறார்களே?

பாதி சரி. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், முழுமையான ஒரு கதைக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் வேண்டும் என்று எழுதினார். அவர் அதை விளக்கின விதம்தான் அழகு. தொடக்கம் என்பது, அதற்கு முன்னால் எதுவும் கட்டாயம் நடந்திருக்கத் தேவையில்லாத, ஆனால் அதற்குப் பின்னால் ஏதாவது நடந்தே தீர வேண்டிய இடம். முடிவு அதற்கு நேர்மாறு. நடு என்பது முன்னதிலிருந்து பிறந்து பின்னதைப் பிறப்பிப்பது. அங்கம் பிரிப்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போனால் துன்பியல் நாடகத்தை அவர் இரண்டாகத்தான் பார்த்தார்: முடிச்சு விழுகிற பகுதி, முடிச்சு அவிழ்கிற பகுதி.

அப்புறம் வந்த ரோமானியக் கவிஞர் ஹோரஸ், நாடகத்துக்கு ஐந்து அங்கம், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்றார். 1863-ல் ஜெர்மானிய எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் அந்த ஐந்தை ஏறி இறங்குகிற ஒரு பிரமிடாக வரைந்து காட்டினார். இன்று பயிலரங்குகளில் நாம் கேட்கிற மூன்று அங்கக் கணக்கு பெரும்பாலும் அமெரிக்கத் திரைக்கதைப் பயிற்றுநர் சிட் ஃபீல்ட் 1979-ல் வெளியிட்ட திரைக்கதைக் கையேட்டிலிருந்து பரவியது. 120 பக்கத் திரைக்கதை, ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம், அதில் முதல் 30 பக்கம், நடு 60, கடைசி 30. ஆக, வேதவாக்காக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அரிஸ்டாட்டில் சொன்ன காரண காரியத் தொடர்புதான் இதில் மிகவும் பயனுள்ளது, அதைத்தான் பலரும் விட்டுவிட்டுப் பக்க எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

சரி, ஒரு கதையை இங்கேயே கட்டுவோம்.

தேன்மொழி ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்கிறாள். திருமணம் முறிந்து அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஒரு நாள் நகல் எடுப்பதற்காக அவள் மேசைக்கு வந்த காகிதக் கட்டுக்குள் ஒரு விற்பனை ஒப்பந்தம் இருக்கிறது. அவர்கள் குடியிருக்கும் வீட்டை விற்பதாக ஒப்பந்தம். கீழே அப்பாவின் கையெழுத்து, அவர் எப்போதும் போடுவது போலவே கடைசி எழுத்துக்கு நீளமான வால். ஆனால் பக்கவாதம் வந்த பிறகு இரண்டு வருடமாக அப்பாவின் வலது கை எழும்புவதே இல்லை. சாட்சி என்ற இடத்தில் தம்பியின் பெயர்.

அன்று மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் அந்த மூலப் பத்திரத்தை உருவித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள். முதல் அங்கம் இங்கே முடிகிறது.

பத்திரத்தைப் பார்க்கிற இடத்தில்தானே கதை தொடங்குகிறது? அதை ஏன் திருப்புமுனை என்று சொல்லவில்லை?

நிறையப் பேர் குழம்புகிற இடம் இது. பத்திரத்தைப் பார்ப்பது அவளுக்கு நேர்கிற ஒரு சம்பவம். கதையைத் தூண்டிவிடுகிற பொறி அது. அதைப் பார்த்த பிறகும் அவளால் பேசாமல் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்க முடியும், தம்பிக்கு போன் போட முடியும், வக்கீலிடமே சொல்ல முடியும். கதவுகள் எல்லாம் திறந்துதான் இருக்கின்றன. பத்திரத்தைக் கைப்பைக்குள் வைத்த கணத்தில் அவள் ஒரு குற்றம் செய்கிறாள். இனி வக்கீலிடம் போய் உதவி கேட்க முடியாது, நாளைக் காலை வழக்கம்போல் வந்து உட்கார முடியாது.

பொறி வெளியிலிருந்து வரலாம். திருப்புமுனை பாத்திரத்தின் கையிலிருந்து வர வேண்டும். உங்கள் கதையில் முதல் திருப்புமுனை என்று நீங்கள் நினைக்கிற இடத்தில் விபத்தோ, கடிதமோ, யாரோ ஒருவரின் மரணமோ மட்டும் இருந்தால், அங்கே நிற்காதீர்கள். அதற்குப் பதிலாக அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதுவரை போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கம் முடிகிற இடம் இன்னும் இரண்டு காட்சி தள்ளித்தான் இருக்கும்.

முதல் அங்கத்தில் எவ்வளவு அறிமுகம் கொடுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. தேன்மொழியின் பள்ளிப் பருவம், அம்மா இறந்தது, அலுவலகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், இதெல்லாம் வாசகருக்கு இப்போது வேண்டாம். திருப்புமுனை புரிவதற்கு எது தேவையோ அது வேண்டும். அப்பாவின் கை இயங்காது என்பது வேண்டும், தம்பியை அவள் நம்புகிறாள் என்பது வேண்டும், இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வழியில்லை என்பதும் வேண்டும். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வயதான குமாஸ்தா ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதும் வேண்டும், அவர் பின்னால் பெரிய வேலைக்கு வரப்போகிறார்.

இன்னொன்று, முதல் அங்கம்தான் விதை போடுகிற இடம். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இடது கையால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார், சின்னப் பிள்ளை கிறுக்கியது போல் கோணல் மாணலாக இருக்கிறது, தேன்மொழி அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு அவருக்கு மாத்திரை கொடுக்கிறாள். இரண்டே வரி. வாசகர் அதை ஒரு நோயாளியின் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டு கடந்துவிட வேண்டும். கீழே மீண்டும் இதற்கு வருவோம்.

இரண்டாம் அங்கம் எழுதும்போது கதை இழுவையாகிவிடுகிறது. என்ன செய்வது?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தொடக்கமும் முடிவும் பெரும்பாலானவர்களுக்கு முதலிலேயே மனதில் வந்துவிடும். நடுப்பகுதி வராது. அதனால் ‘நடுவில் பல தடைகள்’ என்று நினைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளை அடுக்குவார்கள். தேன்மொழி தம்பியைத் தேடிப் போகிறாள், அவன் இல்லை. அப்புறம் வீட்டை வாங்குகிறவரைப் பார்க்கப் போகிறாள், அவர் பேச மறுக்கிறார். அப்புறம் ஒரு தோழியிடம் கேட்கிறாள், அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம், அப்புறம் என்று போய்க்கொண்டே இருக்கும். இந்த மூன்று காட்சிகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், கதைக்கு ஒன்றுமே ஆகாது. இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகாத காட்சிகள்தான் இழுவை, அவற்றில் எவ்வளவு அழுகையும் சண்டையும் இருந்தாலும் சரி.

காட்சிகளுக்கு நடுவே ‘அதனால்’ அல்லது ‘ஆனால்’ வர வேண்டும். அவள் பத்திரத்தை எடுத்துவிட்டாள், அதனால் மறுநாள் காலை அலுவலகத்தில் தேடல் தொடங்குகிறது. அவளும் தேடுவது போல் நடிக்க வேண்டும். அதனால் மதியத்துக்குள் தம்பியைப் பிடித்துவிடலாம் என்று போட்ட திட்டம் கெடுகிறது, அவனை வீட்டுக்கு வரச் சொல்கிறாள். ஆனால் அவன் வந்ததும் அப்பா கூடவே உட்கார்ந்துகொள்கிறார், பேச முடியவில்லை. அதனால் அவள் தம்பியின் அலைபேசியை எடுத்துப் பார்க்கிறாள். ஆனால் அவன் அதைக் கவனித்துவிடுகிறான், அக்கா தன்மேல் சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு காட்சியும் முந்தைய காட்சி விட்டுச்சென்ற இடத்தை இன்னும் குறுக்குகிறது.

நான் எழுதும்போது செய்கிற ஒரு காரியம்: ஒவ்வொரு காட்சி முடிந்ததும், ‘இப்போது இவளுக்கு இருந்த எந்த வழி அடைபட்டது?’ என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவேன். எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தக் காட்சியை எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் வேறு காட்சியோடு சேர்த்துவிடுவேன். பிடித்த வசனம் அதில் இருந்தால் மனசு வராது, இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்த வசனம் வேறு இடத்தில் தானே முளைக்கும்.

எதிர்ப் பாத்திரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில்லன் கட்டாயம் வேண்டும் என்பதில்லை, ஆனால் நாயகி விரும்புவதற்கு நேர் எதிராக, அதே அளவு நியாயத்தோடு ஒன்றை விரும்புகிற ஆள் வேண்டும். தம்பி ஒரு குடிகாரன், சூதாடி என்று வைத்துவிட்டால் இரண்டாம் அங்கம் பாதியிலேயே தீர்ந்துவிடும், அவனைக் கண்டுபிடித்ததும் கதை முடிந்தது. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்கட்டும்.

நடுப்புள்ளி, மிட்பாயிண்ட் என்கிறார்களே, அது எதற்கு?

நீண்ட இரண்டாம் அங்கத்தை இரண்டாக ஒடிப்பதற்கு. இடைவேளை விடுகிற படங்களில் இந்த இடம் தானாகவே முக்கியமாகிவிடுகிறது, அதனால் பலரும் அங்கே ஒரு பெரிய சண்டையையோ ட்விஸ்டையோ வைத்துவிடுகிறார்கள். வெறும் அதிர்ச்சி போதாது. அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அங்கே மாற வேண்டும்.

நம் கதையில், தேன்மொழி தம்பியை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறாள். அவன் சொல்கிறான்: “அப்பாதான் என்னைப் போடச் சொன்னார், அக்கா. உன் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். வட்டி கட்ட முடியவில்லை. உனக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.” அதுவரை ‘திருடியது யார்’ என்பது கேள்வி. இனிமேல் ‘எனக்காக விற்கப்படும் வீட்டை நான் என்ன செய்யப் போகிறேன்’ என்பது கேள்வி. அவள் கைப்பையில் இருக்கும் அதே தாளுக்கு இப்போது வேறு அர்த்தம். முதல் பாதியில் அவள் துரத்தினாள், இரண்டாம் பாதியில் அவளே துரத்தப்படுகிறாள்.

இரண்டாவது திருப்புமுனை எப்படி இருக்க வேண்டும்? ‘எல்லாம் போச்சு’ என்ற கட்டம் கட்டாயமா?

நாயகி தோற்றுப்போகிற கட்டம் இருந்தால் கதை வலுவாகும் என்பது உண்மைதான். ஆனால் தோல்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். திடீரென்று மழை பெய்து வீடு இடிந்தால் அது துரதிர்ஷ்டம். அவள் செய்த காரியத்தின் விளைவாகவே வந்தால்தான் வாசகருக்கு வலிக்கும்.

பத்திரம் காணாமல் போனதற்குப் பழி குமாஸ்தா மேல் விழுகிறது. அலமாரிச் சாவி அவரிடம்தான் இருந்தது. அவரை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்கிறார்: மூக்குக்கண்ணாடிக் கூடு, மை காய்ந்துபோன ஒரு ஸ்டாம்ப் பேடு, அப்புறம் தேன்மொழி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடித்துப் பழகிய, பிழைகளைச் சிவப்பு மையில் அவர் வட்டமிட்ட ஒரு தாள். அதை அவளிடமே கொடுத்துவிட்டுப் போகிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சந்தேகம்கூடப் படவில்லை.

இங்கே அவள் பேசாமல் இருந்தால் தம்பி தப்பிப்பான், அப்பாவின் மானம் தப்பும், குமாஸ்தா நாசமாவார். அன்றிரவு தம்பியிடம் சொல்கிறாள்: “நாளைக்குக் காலையில் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.” சொல்லிவிட்டாள். இரண்டாவது கதவும் மூடியது. இதற்கு மேல் கதையில் புதிய பாத்திரமோ புதிய சிக்கலோ வரக் கூடாது, இருப்பதை முடிவு நோக்கித் தள்ளுவது மட்டும்தான் வேலை.

க்ளைமாக்ஸில் ட்விஸ்ட் வைக்கலாமா?

வைக்கலாம், விதை முன்னாலேயே விழுந்திருந்தால். எதிர்பாராததாகவும் இருக்க வேண்டும், நடந்த பிறகு ‘இப்படித்தானே முடிந்திருக்க வேண்டும்’ என்றும் தோன்ற வேண்டும்.

தாளைத் திருப்பிக் கொடுத்தால் குமாஸ்தா காப்பாற்றப்படுவார், ஆனால் வாங்குகிறவர் கையெழுத்து பொய் என்று புகார் கொடுத்தால் தம்பி சிறைக்குப் போவான். யாராவது ஒருவரைக் காவு கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை. அப்போது பழைய செய்தித்தாள்களை எடுத்துக்கொண்டிருக்கும் தேன்மொழியின் கண்ணில், ஓரங்களில் இருக்கும் கிறுக்கல்கள் படுகின்றன. மாதக்கணக்கில் வரிசையாகப் பார்த்தால் கோணல் குறைந்துகொண்டே வருகிறது, கடைசித் தாளில் அந்த நீளமான வால்கூடத் தெரிகிறது. அப்பா இடது கையால் தன் கையெழுத்தைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரே வந்து புதிய பத்திரத்தில் தன் கையால் கையெழுத்துப் போட்டால், வாங்குகிறவருக்குப் புகார் கொடுக்கக் காரணம் இருக்காது. ஆனால் அதற்கு அவள் அப்பாவிடம் போய், நீங்கள் என்னிடம் மறைத்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லியாக வேண்டும். அவர் கடைசியாகக் காப்பாற்றி வைத்திருந்தது அந்த மறைப்பைத்தான். அவள் தெரிவு அங்கே இருக்கிறது, க்ளைமாக்ஸ் வக்கீல் அறையில் நடந்தாலும் உண்மையில் அது முந்தின இரவு அப்பாவின் கட்டிலருகே முடிவாகிவிட்டது. வக்கீல் அறையில் நாம் பார்ப்பது அதன் விலை: அவள் தாளை எடுத்ததை ஒப்புக்கொள்கிறாள், வேலை போகிறது, வீடும் போகிறது.

கடைசியில் ஒரு பணக்கார மாமா வந்து கடனை அடைத்தால் என்ன தவறு?

வாசகர் உங்களை மன்னிக்க மாட்டார். கிரேக்க நாடகங்களில் கடவுள் வேடம் போட்டவரை இயந்திரத்தில் கட்டி மேடைக்கு மேலிருந்து இறக்கிச் சிக்கலைத் தீர்க்கிற வழக்கம் இருந்தது, அரிஸ்டாட்டில் அப்போதே அதைக் குறை சொன்னார். முடிவு கதைக்குள்ளிருந்தே பிறக்க வேண்டும் என்றார். தற்செயல் ஒன்று சிக்கலைத் தொடங்கி வைத்தால் ஏற்றுக்கொள்வோம் (தேன்மொழி மேசைக்கு அந்தக் கட்டு வந்ததே தற்செயல்தான்), சிக்கலைத் தீர்த்துவைத்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்போம்.

க்ளைமாக்ஸுக்குப் பிறகு எவ்வளவு எழுதலாம்?

குறைவாக. வாசகருக்கு மீதி இருக்கிற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், போதும். குமாஸ்தா திரும்ப வேலைக்கு வந்தாரா என்பது நம் கதையில் அந்தக் கேள்வி.

25, 50, 25 சதவீதம் என்ற கணக்கைப் பின்பற்றியே ஆக வேண்டுமா?

எழுதும்போது வேண்டாம். எழுதி முடித்த பிறகு ஒருமுறை அளந்து பாருங்கள், அப்போது உதவும். 300 பக்க நாவலில் முதல் திருப்புமுனை 140-ஆம் பக்கத்தில் வந்தால், வாசகர் பாதிப் புத்தகம் வரை ‘எதற்காக இதைப் படிக்கிறேன்’ என்று தெரியாமல் நடந்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாம் அங்கம் பொதுவாக எல்லாவற்றையும்விட வேகமாக ஓடும், அதனால் 25 சதவீதத்துக்கும் குறைவாக வந்தால் கவலை வேண்டாம். வசனம் மட்டுமே நிறைந்த பக்கம் வேகமாகப் போகும், சண்டைக் காட்சியின் அரைப் பக்கம் திரையில் பல நிமிடம் ஓடும், ஆகவே பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பதும் சராசரிதான்.

சிறுகதைக்கும் மூன்று அங்கம் வேண்டுமா?

அளவு சிறியது என்பதால் மூன்றையும் விரித்து எழுத இடமிருக்காது. பல நல்ல சிறுகதைகள் இரண்டாம் அங்கத்தின் கடைசியில் தொடங்கி, க்ளைமாக்ஸிலேயே நின்றுவிடுகின்றன. தேன்மொழி கதையைச் சிறுகதையாக எழுதச் சொன்னால், குமாஸ்தா இழுப்பறையைக் காலி செய்கிற அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். கைப்பையில் தாள் இருக்கிறது, வாசகருக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பழைய தாளை நீட்டுகிறார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கிறாளா இல்லையா என்பதோடு முடித்துவிடலாம். முன்னால் நடந்ததெல்லாம் அங்கங்கே ஒரு வரியாக வந்தால் போதும்.

ப்ளாஷ்பேக் உள்ள கதை, முன்னும் பின்னுமாகப் போகிற கதைக்கு இது பொருந்துமா?

பொருந்தும். நடந்த வரிசை வேறு, சொல்கிற வரிசை வேறு. அங்கங்களைச் சொல்கிற வரிசையில் கணக்கிடுங்கள், ஏனென்றால் வாசகர் அனுபவிப்பது அதைத்தான். ப்ளாஷ்பேக்கை எங்கே வைப்பது என்றால், அது சொல்லப்போகிற தகவல் இப்போதைய காட்சியின் முடிவை மாற்றப்போகிற இடத்தில். வாசகருக்குக் கேள்வியே எழாத இடத்தில் பதிலைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். இரண்டு முக்கியப் பாத்திரங்கள் இருந்தால் இருவருக்கும் தனித்தனியாக ஒரு சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்) எழுதி, ஒருவருடைய திருப்புமுனை மற்றவருடைய வழியை அடைக்கிறதா என்று பாருங்கள். அடைக்கவில்லை என்றால் அவை இரண்டு கதைகள்.

சிலப்பதிகாரத்தில் மூன்று காண்டம் இருக்கிறதே, அதுவும் இதே அமைப்புதானா?

நல்ல கேள்வி, அடிக்கடி வருகிற கேள்வியும்கூட. எண்ணிக்கை மூன்று என்றாலும் அமைப்பு வேறு. புகார்க் காண்டத்தில் 10 காதைகள், மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7. செல்வத்தையெல்லாம் இழந்து திரும்பிய கோவலன், சிலம்பை முதலாக வைத்து மதுரையில் புதிதாகத் தொடங்கலாம் என்று கண்ணகியை அழைத்துக்கொண்டு விடியும் முன்பே ஊரைவிட்டுக் கிளம்புகிறான். முதல் திருப்புமுனைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் கோவலன் கொலையுண்டது, கண்ணகி வழக்குரைத்தது, மதுரை எரிந்தது எல்லாம் இரண்டாம் காண்டத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன. கையேட்டுக் கணக்குப்படி அங்கேயே கதையை முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு முழுக் காண்டம், செங்குட்டுவன் வடக்கே போய்க் கல் எடுத்துவந்து கோயில் எழுப்புவது வரை நீள்கிறது. ஏனென்றால் ‘கண்ணகிக்கு நீதி கிடைத்ததா’ என்பதோடு அந்தக் காப்பியம் நிற்கவில்லை, ஒரு பெண் எப்படித் தெய்வமானாள் என்பதுவரை கேட்கிறது. உங்கள் கதை எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ, அதற்குப் பதில் கிடைக்கும்வரை அது முடியாது. க்ளைமாக்ஸ் எங்கே வர வேண்டும் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும்.

எல்லாரும் இதையே பின்பற்றினால் எல்லாக் கதையும் ஒரே மாதிரி ஆகிவிடாதா?

பக்க எண் பார்த்து எழுதினால் ஆகிவிடும். இத்தனையாவது நிமிடத்தில் சண்டை, இத்தனையாவது நிமிடத்தில் பிரிவு என்று போட்டால் பார்க்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு மனிதர் தன் இயல்பால் எடுக்கிற முடிவு ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தேன்மொழி இடத்தில் வேறு ஒருத்தி இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள், இன்னொருத்தி அன்றே தம்பியைப் போலீசில் சொல்லியிருப்பாள், அந்தக் கதைகள் வேறு.

அப்புறம், இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. கிழக்காசியாவில் கி-ஷோ-டென்-கெட்சு என்று நான்கு பகுதி அமைப்பு ஒன்று உண்டு, சீனக் கவிதை மரபிலிருந்து வந்தது. அறிமுகம், அதன் வளர்ச்சி, பிறகு எதிர்பாராமல் வேறொன்று வந்து சேர்வது, கடைசியில் இரண்டும் இணைவது. ஜப்பானின் நான்கு கட்டச் சித்திரக் கதைகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அதில் மோதல் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு இடத்தையோ ஒரு மனநிலையையோ எழுத விரும்புகிறவர்கள் அதை முயன்று பார்க்கலாம். உங்கள் கதையில் யாரும் எதற்காகவும் போராடவில்லை என்றால், அதை வலுக்கட்டாயமாக மூன்று அங்கத்துக்குள் திணிக்காதீர்கள்.

முதலிலேயே திட்டம் போட வேண்டுமா, எழுதிக்கொண்டே போகலாமா?

இரண்டு வகை எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். எனக்குத் திட்டம் பிடிக்கும், ஆனால் நான்கே வரிதான்: பொறி, முதல் முடிவு, கேள்வி மாறுகிற இடம், கடைசி முடிவு. அதற்கு மேல் விரிவாகப் போட்டால் எழுதும்போது பாத்திரங்கள் சொல்பேச்சு கேட்கிற பிள்ளைகளாகிவிடுகிறார்கள். திட்டமே பிடிக்காதவர்கள் முதல் வரைவை மனம் போனபடி எழுதிவிட்டு, பிறகு அந்த நான்கு வரியை அதற்குள் தேடலாம். எது கிடைக்கவில்லையோ அதுதான் இரண்டாம் வரைவின் வேலை.

எழுதி முடித்துவிட்டேன். அமைப்பு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதையைத் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், நல்லாயிருக்கிறது என்றுதான் சொல்வார். எங்கே கீழே வைத்தீர்கள் என்று கேளுங்கள். சாப்பிட எழுந்தது, போன் வந்தது என்று காரணம் சொன்னாலும் அந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே அவரால் வைக்க முடிந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே கதையை அவர் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், இடையில் திருத்தாதீர்கள். அவர் மறந்துவிட்ட காட்சிகளைப் பட்டியல் எடுத்து, முதலில் அவற்றில் கை வையுங்கள்.